இங்கிலாந்தில் கோழி வளர்த்தால் இயற்கை, மைசூரில் வளர்த்தால் நாத்தமா?

வெளிநாட்டுக்கு வந்த நம் ஆட்களுக்கு மூக்கு இரண்டு. ஒன்று இங்கே வேலை செய்யும். இன்னொன்று ஊரை நினைத்தால் மட்டும் வேலை செய்யும்.

இங்கிலாந்தில் சனிக்கிழமையானால் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நகரப் பண்ணைக்குப் போவார்கள். காசு கொடுத்துத் தீவனம் வாங்கி ஆட்டுக்கு ஊட்டுவார்கள். புழுக்கை அப்பிய பூட்ஸோடு குடும்பமாக நின்று போட்டோ எடுத்து, "பேக் டு நேச்சர்" என்று தலைப்பு கொடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவார்கள். அதே ஆளுக்கு, மைசூரில் வாங்கிப்போட்ட சைட்டில் ஒரு வெள்ளாடு நிற்கிற போட்டோ வாட்ஸப்பில் வரட்டும். "டிஸ்கஸ்டிங்! செக்யூரிட்டி என்ன செய்கிறான்?" என்று உடனே பதில் போகும். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி நாத்தம் அடிக்கிறதாம் சாமி!

இந்தப் பதிவு அந்த இரண்டாவது மூக்கைப் பற்றி. கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். மோர் குடித்துவிட்டுப் படிக்கவும் :-)

விஷயம் இதுதான். பொட்டி தட்டும் பிழைப்பில் எட்டு வருஷம் மைசூரில் குப்பை கொட்டியவன் நான். ஊர் சிவகங்கைப் பக்கம். மைசூரில் இருந்தபோது நகரத்தின் ஓரத்தில் ஒரு லேஅவுட்டில் இடம் வாங்கினேன். இப்போது அங்கே மாமனாரும் மாமியாரும் இருக்கிறார்கள், நானும் தங்கமணியும் பிள்ளைகளும் இங்கே. லேஅவுட் பெயர் வேண்டாம். மைசூரைச் சுற்றி எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் கதை ஒன்றுதான். நாலு சைட்டில் மூன்று காலி. காரணம், சொந்தக்காரர்கள் பெங்களூரிலோ துபாயிலோ நியூஜெர்சியிலோ என்னைப்போல இங்கேயோ இருக்கிறோம்.

காலி சைட்டில் என்ன முளைக்கும்? பார்த்தீனியம், உண்ணிச்செடி, முள், அதற்குள் பாம்பு. இதையெல்லாம் இத்தனை வருஷம் ஓரளவு அடக்கி வைத்திருந்தது பக்கத்து ஊர் அம்மாக்களின் ஆடுகள். பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் ஆடு அவ்வளவாகச் சீந்தாது என்பது வேறு விஷயம், மற்றதை எல்லாம் மேய்ந்துவிடும். அந்த ஊரின் நிலத்தில்தான் எங்கள் லேஅவுட்டே எழுந்தது. அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் சில பெரியவர்கள் (என் மாமனாரும் அதில் உண்டு) அந்த அம்மாக்களோடு பேசி ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். பொது உபயோகத்துக்கு என்று ஒதுக்கி, பத்து வருஷமாகச் சும்மா கிடக்கும் சிஏ சைட்டின் ஒரு மூலையில் கொட்டகை போடுவது. ஆறு ஆடு, இருபது கோழி. எட்டு வீடு முறை வைத்துப் பார்த்துக்கொள்வது. பக்கத்து ஊர் அம்மாக்கள் மூன்று பேர் பங்குதாரர்கள், வேலைக்காரர்கள் அல்ல. முட்டை, குட்டி, எரு எல்லாம் பங்கு.

உரிமையாளர் சங்கம் என்ன செய்தது தெரியுமா? யோசனையை விவாதத்துக்கே எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக "லேஅவுட் எல்லைக்குள் ஆடு, கோழி, வாத்து, முயல் எதையும் வளர்க்கவோ மேய்க்கவோ கூடாது" என்று ஒரு தீர்மானம். இணையம் வழி ஓட்டு. எதிர்த்து ஓட்டுப் போட்டது மூன்றே பேர், அதில் நான் ஒருவன். ஆதரித்தவர்களில் முக்கால்வாசி, கடைசியாக அந்த மண்ணில் கால் வைத்து இரண்டு வருஷமாவது ஆனவர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிரந்தர விதியாக்கப் போகிறார்களாம்.

சரி, அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "இது நகரம், கிராமம் இல்லை"

நகரம் என்றால் என்ன? இங்கிலாந்தில் 1950ஆம் வருஷத்து அலாட்மெண்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அலாட்மெண்ட் என்றால் நகரத்து ஆட்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கும் தோட்டத் துண்டு. அந்தச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, குத்தகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்தத் துண்டில் பெட்டைக்கோழியும் முயலும் வளர்க்கும் உரிமை உண்டு என்கிறது. வியாபாரத்துக்காக இருக்கக்கூடாது, சுகாதாரக் கேடோ தொந்தரவோ ஆகக்கூடாது, அவ்வளவுதான். சேவலுக்கு அந்த உரிமை கிடையாது. விடிகாலை நாலு மணிக்குக் கூவினால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு. சட்டம் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

லண்டன் கெண்டிஷ் டவுனில் ரயில் பாதையோரம் கைவிட்டுக் கிடந்த இடத்தில் 1972ல் அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஒரு நகரப் பண்ணை தொடங்கினார்கள். ஆடு, கோழி, பன்றி, குதிரை எல்லாம். லண்டன் நகரம் இல்லையா? மைசூர் மட்டும்தான் நகரமா?

நம்ம ஊர்க் கதைக்கே வருவோம். சென்னையில் மந்தைவெளி என்கிறோமே, அது என்ன? மந்தை மேய்ந்த வெளி. கர்நாடகத்தில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்துக்குக் கோமாளா என்று பெயர். 1966ஆம் வருஷத்து நில வருவாய் விதிகளிலேயே, நூறு மாட்டுக்குப் பன்னிரண்டு ஹெக்டேர் என்று கணக்குப் போட்டு ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. ஹிங்கல், போகாதி, கூர்கள்ளி, ஹூட்டகள்ளி எல்லாம் தனித்தனி ஊர்களாக இருந்தவை. ஊரை நோக்கி நகரம் நடந்து வந்தது. நகரத்துக்குள் ஆடு நுழையவில்லை ஐயா, ஆட்டுக்குள் நகரம் நுழைந்தது. அந்த அம்மாக்களில் ஒருவர் என் மாமனாரிடம் சொன்னாராம்: "நீவு ஈக பந்தவ்ரு சார், நாவு மொதலிந்தலூ இல்லே இரோது." நீங்கள் இப்போது வந்தவர்கள், நாங்கள் முதலிலிருந்தே இங்கேதான் இருக்கிறோம். இதற்கு எந்தப் பொதுக்கூட்டத்தில் பதில் இருக்கிறது?

2. "நோய் வரும்"

இது நியாயமான கவலை. நோய் வரும், வந்தும் இருக்கிறது. 2020 மார்ச்சில், கொரோனா வந்து கதவைத் தட்டிய அதே வாரங்களில், மைசூர் கும்பாரகொப்பலில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. அரசாங்க விதிப்படி சுற்றியுள்ள ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த கோழிகளை அழித்தார்கள். பண்ணைக் கோழி மட்டுமல்ல, வீட்டுப் பின்கட்டில் வளர்த்த கோழிகளையும். அதற்கு முன் 2017 தொடக்கத்தில் மைசூர் விலங்கியல் பூங்காவே பறவைக் காய்ச்சலால் சுமார் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. கும்பாரகொப்பலில் அழித்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பறவைக் காய்ச்சலுக்கு அந்த நேரத்தில் வேறு வழி இல்லை.

என் கேள்வி வேறு. எந்த வீட்டில் எத்தனை கோழி இருந்தது என்று ஒரு கணக்கு அதற்கு முன் இருந்ததா? முதல் கோழி செத்தபோது யாரிடம் சொல்லவேண்டும் என்று வளர்த்தவருக்கு யாராவது சொல்லி வைத்திருந்தார்களா? வீட்டுக் கோழியை மாநகரம் நினைத்துப் பார்ப்பதே அதைக் கொல்ல வரும் அன்றைக்குத்தான். இத்தனைக்கும் கும்பாரகொப்பல் ஏதோ ஒதுக்குப்புறம் இல்லை. 2015லும் 2016லும் நாட்டிலேயே சுத்தமான நகரம் என்று மைசூர் முதலிடம் வாங்கியபோது, வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய்க் காட்டியது கும்பாரகொப்பல் குப்பை மையத்தைத்தான். நம் குப்பையைப் பிரிக்க அந்த ஊர் வேண்டும். அந்த ஊரின் கோழி வேண்டாமா?

இங்கிலாந்து என்ன செய்தது பாருங்கள். 2021லிருந்து இங்கே பறவைக் காய்ச்சல் இதுவரை கண்டிராத அளவுக்கு அடித்தது. லட்சக்கணக்கான பறவைகளை அழித்தார்கள். மாதக்கணக்கில் கோழியை வெளியே விடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் வீட்டில் கோழி வளர்க்காதே என்று சொல்லவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்தாகவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பதிவு செய்தவருக்கு அருகில் நோய் வந்தால் செய்தி வரும். தடை போட்டால் என்ன ஆகும்? வளர்ப்பது நிற்காது, ஒளிந்து வளர்ப்பார்கள். ஒளிந்து வளர்க்கும் கோழி செத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பையில் போகும். நோய்க்கு இதைவிட வசதி ஏது?

நோய்க்குப் பயந்தால்தான் சேர்ந்து வளர்க்கவேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் தெரியும், ராணிக்கெட் என்பார்கள். வந்தால் இரண்டு நாளில் கூண்டு காலி. தடுப்பூசி இருக்கிறது, விலையும் அதிகமில்லை. ஆனால் மருந்துக் குப்பி சாதாரணமாக நூறு கோழிக்கு மேல் போடும் அளவில் வரும். ஐஸில் வைத்துக் கொண்டுவரவேண்டும். கலக்கிய பிறகு ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும், மிச்சம் வீண். ஐந்து கோழி வைத்திருக்கும் ஓர் அம்மா அதற்காக அலைவாரா? அலையமாட்டார். பத்து வீடு சேர்ந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும். ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி, துள்ளுமாரி, குடற்புழு மருந்து எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். தனித்தனியாக வளர்த்தால் கால்நடை மருத்துவருக்கு நாற்பது வாசல், கூட்டாக வளர்த்தால் ஒரே வாசல். "நோய் வரும்" என்று சொல்கிறவர் நியாயமாகப் பார்த்தால் எங்கள் யோசனைக்குத்தான் கை தூக்கியிருக்கவேண்டும்.

3. "நாத்தம்"

இருபது கோழிக்கு நாத்தம் வருவது கூண்டைக் கூட்டாததால். தரையில் உமியோ தேங்காய் நார்த் தூளோ போட்டு, வாரம் ஒருமுறை வாரி, எருக்குழியில் போட்டால் பத்தடி தள்ளி நின்றவருக்கு எதுவும் தெரியாது. தனி ஆள் வளர்த்தால் உடம்பு சரியில்லாத வாரம் கூண்டு அழுக்காகும். எட்டு வீடு சேர்ந்தால் யாராவது ஒருவர் கூட்டுவார். ஆட்டுப் புழுக்கைக்கு நாத்தமே கிடையாது, காய்ந்தால் மண்ணோடு மண். அதே லேஅவுட்டில் மூலைக்கு மூலை பிளாஸ்டிக் பையில் கட்டி வீசிய டயபர் கிடக்கிறதே, அதற்கு ஒரு தீர்மானத்தைக் காணோம்?

இந்த நாத்தம் என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் கிண்டவேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே லேஅவுட்டில் ஜெர்மன் ஷெப்பர்டு நாலு இருக்கிறது, லாப்ரடார் ஏழு. காலையில் அவை ரோட்டில் போடுவது சந்தனமா? அதற்குத் தடை இல்லை. ஆட்டுக்கும் கோழிக்கும்தான் தடை. வித்தியாசம் மிருகத்தில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் கையில் இருக்கிறது. ஆடு கோழி வளர்ப்பது யார், எந்தத் தெருவின் பெண்கள், அவர்கள் நம் வாசலுக்கு அருகே வந்து நிற்பதா என்பதுதான் உள்ளே ஓடும் கேள்வி. சுத்தம் என்ற சொல்லைப் போர்த்திக்கொண்டு நம் நாட்டில் இதற்குமுன் என்னென்ன உள்ளே வந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே வெள்ளைக்காரன், உங்கள் வீட்டுச் சமையல் வாசனை காரிடாரில் அடிக்கிறது என்று சொன்னால் நாம் எப்படித் துடிக்கிறோம்? அந்தத் துடிப்பில் கால்வாசியாவது அந்த அம்மாக்களுக்கும் இருக்காதா?

4. "ஆட்டுக்கு ஆசைப்பட்டால் பண்ணை வீட்டுத் திட்டத்தில் சேருங்களேன்"

இதுதான் எனக்கு உச்சி மண்டையில் சுர்ரென்று ஏறியது. இப்போது ஊருக்கு ஊர் ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. மாதம் இவ்வளவு கட்டினால் ஓர் ஆட்டுக்கு நம் பெயர் வைப்பார்கள். மாதம் ஒருமுறை போட்டோ வரும். லீவுக்குப் போனால் பிள்ளைகள் கொஞ்சலாம். இதற்கு "சமூகப் பண்ணை" என்று பெயர். கழுவுகிறவர், மேய்க்கிறவர், ராத்திரி குட்டி போடும்போது விளக்கு பிடிக்கிறவர் எல்லாம் கூலிக்கு. அவர் பெயர் எந்தப் போட்டோவிலும் வராது. ஆடு செத்தால் அடுத்த ஆட்டுக்கு அதே பெயர். தவணை கட்டி பாசம் வாங்குவதற்குப் பெயர் பகிர்வா?

பகிர்வு என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கம் "வாரத்துக்கு விடுறது" என்பார்கள். கையில் கொஞ்சம் காசு இருப்பவர் ஒரு பெட்டைக் குட்டி வாங்கி விடுவார். காசு இல்லாதவர் மேய்ப்பார். ஈனும் குட்டியில் ஆளுக்குப் பாதி. ஒற்றைக் குட்டி என்றால் இந்த ஈத்து உனக்கு, அடுத்த ஈத்து எனக்கு. ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும். என் அப்பத்தா இப்படி வாரத்துக்கு மேய்த்துத்தான் தனக்கென்று நாலு ஆடு சேர்த்தார். அதில் இரண்டு என் அப்பாவின் பாலிடெக்னிக் பீஸாகப் போனது. இதில் தர்மமும் இல்லை, தயவும் இல்லை. கணக்கு இருக்கிறது. ஆனால் லாபத்தில் பாதி போனால் நஷ்டத்திலும் பாதி வரும் என்ற கணக்கு.

கிடை போடுவதும் அப்படித்தான். ராமநாதபுரம் சீமைக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர் வரை போவார்கள். அறுத்த வயலில் ராத்திரி ஆடு அடைப்பார்கள். வயல்காரருக்கு எரு, கீதாரிக்குக் கூலி, ஆட்டுக்குத் தாள். மூன்று பேர் வயிறும் ஒரே ராத்திரியில் நிறையும். அமெரிக்காவில் ஹெய்ஃபர் என்று ஓர் அமைப்பு 1944லிருந்து ஏழைக் குடும்பங்களுக்குக் கால்நடை கொடுக்கிறது. வாங்கியவர் முதல் பெட்டைக் குட்டியை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. உலகமே மெச்சுகிறது. மெச்சட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் பவர்பாயிண்டில் பார்த்துக் கைதட்டுகிற நாம், சொந்த அப்பத்தா செய்ததை "நாத்தம்" என்கிறோம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் விலையில்லா ஆடு திட்டம் தொடங்கியது ஞாபகம் இருக்கும். வீட்டுக்கு நாலு ஆடு, ஏழு லட்சம் குடும்பங்கள் என்று இலக்கு. ஆடு கொடுத்தது சரி. ஆடு மேய்வது எங்கே? வளர்ந்த ஆடு ஒரு நாளைக்கு நாலைந்து கிலோ பச்சை தின்னும். மேய்ச்சல் நிலம் ஊர் ஊராகச் சுருங்கும்போது தனித்தனியாக நாலு ஆட்டைக் கொடுத்தால் அந்த வீட்டுப் பெண்ணின் முதுகுதான் ஒடியும். ஆட்டோடு சேர்த்து இடத்தையும் முறையையும் கொடுக்கவேண்டும். மைசூர் லேஅவுட்டில் இடம் கொட்டிக் கிடக்கிறது. முறை போடத்தான் மனசு இல்லை.

சேர்ந்து வளர்ப்பது ரோஜாப் படுக்கையா?

இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ கதை விடுகிறேன் என்பீர்கள். இங்கே நாங்கள் எட்டுக் குடும்பம் சேர்ந்து அலாட்மெண்டில் பன்னிரண்டு கோழி வளர்க்கிறோம். மூன்று தமிழ்க் குடும்பம், ஒரு பஞ்சாபி, ஒரு போலந்துக்காரர், மற்றவர்கள் உள்ளூர். ஏழு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு நாள், எட்டாவது வீட்டுக்கு வாராவாரம் கூண்டு கழுவும் வேலை. மாதாமாதம் சுற்று மாறும். நல்ல வெயில் காலத்தில் வீட்டுக்கு வாரம் ஏழெட்டு முட்டை.

சண்டை வந்ததா? வராமலா! பனி கொட்டும் ஜனவரி காலையில் ஆறரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் உடைக்கும் முறை யாருடையது என்பதில் ஒரு சண்டை. மிஞ்சிய சாதத்தைக் கொண்டுவந்த மாமியை மற்றவர்கள் தடுத்ததில் ஒரு சண்டை. இங்கே வீட்டுச் சமையலறையைத் தாண்டிய எதையும் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம், முழுக்கத் தாவர உணவு மட்டும் புழங்கும் வீடு என்றால்தான் விலக்கு. "சோத்தைக் கோழிக்குப் போடக்கூடாதா, இது என்ன அநியாயம்!" என்று மாமி ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

பெரிய சண்டை வேறு. கோழி முதல் ஒன்றரை இரண்டு வருஷம் நன்றாக முட்டையிடும், அப்புறம் குறையும். ஆனால் ஆறேழு வருஷம் உயிரோடு இருக்கும். முட்டையிடாத கோழியை என்ன செய்வது? குழம்பு என்றது ஒரு கட்சி. சாகும்வரை தீவனம் என்றது ஒரு கட்சி. மூன்று கூட்டம் போட்டுப் பேசினோம். கடைசியில், வெட்ட விரும்புகிற வீடு எடுத்துக்கொள்ளலாம், காப்பாற்ற விரும்புகிற வீடு தீவனச் செலவை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று முடிவானது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்த மூன்று கூட்டத்தில்தான் நாங்கள் அக்கம்பக்கத்தார் ஆனோம். முட்டையைப் பங்கு போடுவது பெரிய காரியமில்லை. பீ வாருவதையும் சாவையும் பங்கு போட்டால்தான் அது பகிர்வு. இந்தக் கஷ்டம் வேண்டாம் என்பவர் சூப்பர் மார்க்கெட்டில் முட்டை வாங்கிக்கொள்ளலாம், தப்பே இல்லை. ஆனால் அடுத்தவர் சேர்ந்து வளர்ப்பதைத் தடுக்க அவருக்கு என்ன உரிமை?

பார்வையாளராக மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த கிழக்கு லண்டன் நியூஹாமில் நகராட்சி நடத்திய நகரப் பண்ணை ஒன்று இருந்தது. 2020ல் கொரோனாவுக்கு மூடினார்கள். அப்புறம் செலவைக் காட்டி நிரந்தரமாகவே மூடுவதாக நகராட்சி முடிவெடுத்தது. எதிர்ப்பு எழுந்தது, பலிக்கவில்லை. நம் பிள்ளைகள் அங்கே போட்டோ எடுத்தவர்கள்தான். போட்டோ எடுத்தவனால் பண்ணையைக் காப்பாற்ற முடியாது. கூண்டுச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவரால் மட்டும்தான் முடியும்.

சரி, என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது புலம்பல். அதனால் நான் சங்கத்துக்கு எழுதி அனுப்பியிருப்பதை இங்கேயும் வைக்கிறேன். உங்கள் லேஅவுட்டுக்கும் பொருந்தும்.

ஒன்று: எண்ணிக்கைக்கு வரம்பு. ஆறு ஆடு, இருபது பெட்டைக்கோழி. சேவல் வேண்டாம். குஞ்சு வேண்டுமென்றால் வெளியிலிருந்து வாங்கலாம், பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா மாதிரி புழக்கடைக்கென்றே வந்த கோழி கர்நாடகத்திலேயே இருக்கிறது. வாங்கிய குஞ்சை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு சேர்க்கவேண்டும்.

இரண்டு: கொட்டகை வாசலில் ஒரு நோட்டு. எத்தனை உருப்படி, எந்தத் தேதியில் என்ன தடுப்பூசி, எது எப்போது செத்தது. ஒரே நாளில் இரண்டு கோழி செத்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும். கொட்டகைக்கென்று தனிச் செருப்பு. பிள்ளைகள் கோழியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவியாகவேண்டும்.

மூன்று: பக்கத்து ஊர் அம்மாக்கள் பங்குதாரர்கள். எழுத்தில். சங்கம் மாறினாலும் தலைவர் மாறினாலும் அந்தப் பங்கு போகக்கூடாது. எது எப்போது சினையாகும், எந்த இலை வயிற்றை உப்ப வைக்கும் என்பது தெரிந்தவர்கள் அவர்கள்தான். நாம் கூகுளில் தேடும் விஷயம் அவர்கள் கை விரலில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் முறை வேலை செய்யாமல் அவர்கள் தலையில் கட்டினால் அன்றைக்கே திட்டம் செத்தது. அதனால் முறை தவறினால் அபராதம், அது அவர்களுக்கே கூலியாகப் போகவேண்டும்.

நான்கு: ஒரு வருஷம் சோதனை. புகார் புத்தகம் ஒன்று வைப்போம். சரிவரவில்லை என்றால் மூடிவிடலாம்.

இதில் எங்கே இருக்கிறது காட்டுமிராண்டித்தனம்? கிராமத்துக்குத் திரும்புவோம் என்று நான் பஜனை பாடவில்லை. மைசூரில் எல்லாரும் ஆடு வளர்க்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. ஏற்கெனவே வளர்க்கிறவர்களை விரட்டாமல், அவர்களோடு சேர்ந்து முறையாகச் செய்வோம் என்கிறேன். மேய்ச்சலை நிறுத்திய பிறகு என்ன நடந்தது தெரியுமா? இந்த வருஷம் காலி சைட்டுகளில் புதர் வெட்ட ஜேசிபி வாடகை, களைக்கொல்லிச் செலவு என்று சைட்டுக்குச் சைட்டு கூடுதல் தொகை கட்டச் சொல்லி சங்கத்திலிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆடு இலவசமாகச் செய்த வேலைக்கு இப்போது விஷம் வாங்கிக் கொடுக்கிறோம். கேட்டால் வளர்ச்சியாம்.

கடைசியாக, மைசூரிலோ ஓசூரிலோ கோயமுத்தூரிலோ காலி மனை வைத்திருக்கும் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்கும் இப்படி ஓட்டுப் போடச் சொல்லி லிங்க் வரும். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தபடி "ஆமாம்" என்று ஒரு தட்டு தட்டத் தோன்றும். தட்டுவதற்கு முன் அங்கேயே குடியிருக்கும் யாருக்காவது ஒரு போன் போடுங்கள். அந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் யார், எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், ஆடு போனால் அவர் வீட்டில் என்ன நிற்கும் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகும் "ஆமாம்" என்றுதான் தோன்றினால் தாராளமாகத் தட்டுங்கள். கேட்காமல் தட்டாதீர்கள். நம் விரல் இங்கே, அவர்கள் அடுப்பு அங்கே.

டிஸ்கி: பொதுக்கூட்டம் அடுத்த மாதம். அதே லேஅவுட்டில் இடம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். நேரில் போக முடியாவிட்டால் அங்கே குடியிருக்கும் உறவுக்காரருக்கு ஓட்டுரிமைக் கடிதம் கொடுக்க சங்க விதியில் இடம் இருக்கிறது. மூன்று பேர் முப்பது பேரானால் தீர்மானம் நிற்காது.